வானத்துப் புகைக்குக் கணக்கு உண்டா?

(சிங்காநல்லூரில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்து விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் சிலர் சிரித்தீர்கள். "பஸ்ஸுக்கே சில்லறை தேடுகிறோம், நமக்கு எதற்கு விமானப் பேச்சு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2018-ஆம் வருஷத்தில் உலகத்தில் யார் யார் விமானம் ஏறினார்கள் என்று இரண்டு ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2020-இல் வெளியிட்டார்கள். 100 பேரில் 11 பேர்தான் அந்த வருஷம் விமானத்தில் ஏறினார்கள். வெளிநாட்டுக்குப் பறந்தவர்கள் மிஞ்சிப் போனால் 4 பேர். அடிக்கடி பறக்கிறவர் 100-இல் ஒருவர். பயணிகள் விமானங்கள் கக்கும் புகையில் பாதிக்கு அந்த ஒருவரே காரணம். மீதி 89 பேரும் தரையிலேயே இருந்தார்கள். நீங்களும் நானும் அந்த 89-இல் சேர்ந்தவர்கள்.

ஆனால் புகை, ஏறினவன் தலைக்கு மேல் மட்டும் நிற்பதில்லை. அது உலகம் முழுவதும் பரவி, சூரிய வெப்பம் வெளியே போகாதபடி கம்பளி போலப் போர்த்திவிடுகிறது. அந்த வெப்பம் யார் மேல் விழுகிறது? சித்திரை வெயிலில் கதிர் அறுக்கிறவன் மேல் விழுகிறது. ஸ்பின்னிங் இலாகாவில் எட்டு மணி நேரம் நிற்கிறவள் மேல் விழுகிறது. பருவம் தப்பிய மழையில் நாற்றங்காலைப் பறிகொடுக்கிற குத்தகைக்காரன் மேல் விழுகிறது. குளிர்சாதன அறையில் இருக்கிறவனுக்கு வெயில் கூடினால் மின்சாரக் கட்டணம் கூடும். கூலிக்காரனுக்கு வெயில் கூடினால் வேலை நாள் குறையும். ஆகவே தோழர்களே, விமானத்தில் ஏறாதவனும் விமானத்துக்குக் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். கட்டணம் கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

எரிவது என்ன?

விமானத்தில் எரிவது பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான். நம் வீட்டு ஸ்டவ்வில் எரிந்ததே, அதையே நன்றாகச் சுத்தம் செய்தது. ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது. ஒன்று எப்படி மூன்று ஆகும் என்று கேட்கலாம். எண்ணெயில் உள்ள கரியோடு காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்துகொள்கிறது. அதனால் எடை கூடுகிறது. போயிங் 777 என்று ஒரு பெரிய விமானம். அதில் நெடுந்தூரம் பறக்கும் ரகத்தின் தொட்டியில் சுமார் 1,81,000 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். அது முழுவதும் எரிந்தால் கிட்டத்தட்ட 450 டன் கரியமில வாயு. நம் ஊர் லாரி ஒன்றில் 10 டன் ஏற்றினால் 45 லாரி.

2019-இல் உலகத்துப் பயணிகள், சரக்கு விமானங்கள் வெளியிட்ட கரியமில வாயு சுமார் 92 கோடி டன். மனிதர்கள் வெளியிடும் மொத்தக் கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு சுமார் இரண்டரை சதவீதம். இதோடு முடியவில்லை. உயரத்தில் பறக்கும் விமானத்தின் பின்னால் வெள்ளைக் கோடு ஒன்று நீண்டு போவதைக் களத்து மேட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள். அது பனித்துளிகளால் ஆன மேகம். அதுவும், குறிப்பாக ராத்திரியில், பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்தால் பூமியைச் சூடேற்றுவதில் விமானத்தின் பங்கு சுமார் மூன்றரை சதவீதம் என்று விஞ்ஞானிகள் 2021-இல் கணக்கிட்டார்கள்.

"மூன்றரை சதவீதம்தானே, பெரிய விஷயமா?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். 100 பேரில் 11 பேர் மட்டும் ஏறி இறங்கியே இவ்வளவு என்றால் அது சின்ன விஷயம் அல்ல. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து எடுக்கலாம். நம் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கிறோம். பஸ்ஸைப் பாட்டரியில் ஓட்டலாம். விமானத்துக்கு அது சுலபம் இல்லை. ஒரு கிலோ எண்ணெயில் அடங்கிய சக்தியை ஒரு பாட்டரியில் அடைக்க வேண்டுமானால் இன்றைய பாட்டரி 40 கிலோவுக்கு மேல் வேண்டும். பாட்டரியைத் தூக்கவே விமானம் போதாது. ஆக, மற்றத் தொழில்கள் புகையைக் குறைத்துக்கொண்டே போகும்போது விமானத்தின் பங்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பேலும் கழிவுப் பஞ்சும்

கம்பெனிக்காரர்கள் இன்னொரு வாதம் சொல்கிறார்கள். "எங்கள் விமானங்கள் பழைய விமானங்களைப் போல எண்ணெய் குடிப்பதில்லை, வருஷா வருஷம் சிக்கனம் செய்கிறோம்" என்கிறார்கள். இது உண்மை. 1960-களின் கடைசியில் வந்த புது விமானத்தோடு ஒப்பிட்டால், இன்றைய புது விமானம் அதே ஆளை அதே தூரம் கொண்டு போக ஏறக்குறைய பாதி எண்ணெயைத்தான் எரிக்கிறது. அந்த எஞ்சினியர்களும் தொழிலாளிகளும் செய்த வேலையை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் ஆலையில் வேலை செய்கிற உங்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். ஒரு பேலுக்கு விழும் கழிவுப் பஞ்சைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று மானேஜர் மார்தட்டுகிறார். ஆனால் ஓட்டும் பேல்களைப் பத்து மடங்காக்கிவிட்டார். கழிவுக் கிடங்கில் பஞ்சு குறையுமா, கூடுமா? ஐந்து மடங்காகும். விமானத்திலும் இதுவே நடந்தது. 1960-இல் உலகம் முழுவதும் விமானம் ஏறிய பயணிகள் கணக்கு சுமார் 10 கோடி. 2019-இல் சுமார் 450 கோடி. ஒரே ஆள் பத்துத் தடவை ஏறினால் பத்து என்று எண்ணுகிற கணக்கு இது. தொற்றுநோய்க் காலத்தில் கொஞ்சம் இறங்கியது. 2024-இல் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. சிக்கனம் ஒரு படி, பெருக்கம் பத்துப் படி.

ஊர் கூடினால் தேர் ஓடும்

இப்போது நம் விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். விமானத் தொழிலில் உள்ளவர்கள் எல்லாரும் கூடி ஒத்துழைத்துப் புகையைக் குறைப்போம் என்று பேசுகிறார்கள். இதை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூடிச் செய்யாமல் இந்தக் காரியம் ஆகாது. ஒரு விமானம் ஒரு தேசத்தில் ஏறி, மூன்று தேசங்களின் ஆகாயத்தைக் கடந்து, ஐந்தாவது தேசத்தில் இறங்குகிறது. எஞ்சின் ஒருவன் செய்கிறான், உடல் ஒருவன் செய்கிறான், எண்ணெய் ஒருவன் ஊற்றுகிறான், பாதை காட்டுகிறவன் வேறொருவன். ஏரியில் நான்கு மடை இருந்து, ஒரு மடைக்காரன் மட்டும் தூர் வாரினால் என்ன பயன்? குடிமராமத்துக்கு ஊரே மண்வெட்டி எடுக்க வேண்டும்.

அப்படிக் கூடிச் செய்து பயன் கண்டதும் உண்டு. அமெரிக்க, பிரெஞ்சுக் கம்பெனிகள் இரண்டு 1974-இல் கூட்டாக சி.எஃப்.எம். என்ற எஞ்சின் கம்பெனியை ஆரம்பித்தன. அவர்களுடைய புதிய லீப் எஞ்சின், முந்தியதைவிடச் சுமார் 15 சதவீதம் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறது. 2008-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தேசங்களில் விமானத்துக்குப் பாதை காட்டும் நிலையங்கள் ஆஸ்பயர் என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. பசிபிக் சமுத்திரத்தின் மேல் காற்று வாகு பார்த்து நேர்ப்பாதை விடுவது, இறங்கும்போது படிப்படியாக நிறுத்தி நிறுத்தி இறக்காமல் ஒரே சரிவாக இறக்குவது போன்றவற்றைச் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2011-இல் ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் இந்து மகா சமுத்திரத்துக்கு அதே மாதிரி ஓர் ஏற்பாடு செய்தன. 2023-இல் ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் பைலட்டுகள், கணிப்பொறி சொன்னபடி உயரத்தைக் கொஞ்சம் மாற்றி, 70 பயணங்களில் பறந்து பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டு மேகம் பாதிக்கு மேல், 54 சதவீதம், குறைந்தது. கூடுதலாகச் செலவானது கொஞ்சம் எண்ணெய்தான்.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. ஆனால் இவற்றின் எல்லையையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் மிச்சமானால் கம்பெனிக்குப் பணம் மிச்சம். லாபமும் புகைக் குறைப்பும் ஒரே பக்கம் இழுக்கும் இடத்தில் கூட்டுத் தேர் நன்றாக ஓடுகிறது. லாபம் ஒரு பக்கமும் புகைக் குறைப்பு இன்னொரு பக்கமும் இழுக்கும் திருப்பத்தில்தான் தேர் நிற்கிறது. அங்கே யாருடைய கை வடத்தில் இருக்கிறது, யாருடைய கை முட்டுக்கட்டையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாக்குறுதிகளின் வரலாறு

விமானக் கம்பெனிகளுக்கு ஐயாட்டா என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1945-இல் கியூபாவின் ஹவானா நகரில் ஏற்பட்டது. உலகத்துப் பெரிய கம்பெனிகள் ஏறக்குறைய எல்லாம் அதில் இருக்கின்றன. நாம் சங்கம் வைத்தால் குற்றம் என்பவர்கள், தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சங்கம் எவ்வளவு பலமானது என்று பாருங்கள்.

2007-இல் இந்தச் சங்கம் ஓர் இலக்கு வைத்தது: 2017-க்குள் விமான எண்ணெயில் 10 சதவீதம் மாற்று எண்ணெயாக இருக்கும் என்றது. 2017 வந்தது, போனது. 2024-இல், அந்தச் சங்கமே சொன்ன கணக்குப்படி, உலகத்தில் உற்பத்தியான மாற்று எண்ணெய் 10 லட்சம் டன். மொத்தத் தேவையில் 0.3 சதவீதம். பத்து எங்கே, புள்ளி மூன்று எங்கே!

2009-இல் தொழில் முழுவதும் கூடி, 2050-க்குள் புகையை 2005-இல் இருந்ததில் பாதியாக்குவோம் என்றது. 2021-இல் இன்னும் பெரிய வாக்குறுதி: 2050-க்குள் நிகரப் புகையைப் பூஜ்யமாக்குவோம் என்று பாஸ்டன் நகரில் தீர்மானம் போட்டார்கள். அதில் 65 சதவீதக் குறைப்பு மாற்று எண்ணெயால் வரும் என்று கணக்கு. ஏர்பஸ் கம்பெனி 2035-இல் ஹைட்ரஜன் விமானம் விடுவோம் என்று 2020-இல் படம் வரைந்து காட்டியது. 2025-இல் அந்தத் தேதி தள்ளிப் போகிறது என்று தெரிந்தது. ஏர் நியூசிலாந்து கம்பெனி 2030-க்கு வைத்திருந்த இலக்கை, புது விமானம் வரவில்லை, மாற்று எண்ணெய் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி 2024-இல் கைவிட்டது.

இதில் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் உண்மையாகவே முயன்றிருப்பார்கள். ஆனால் தவறினால் என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் நமக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இவர்கள் பத்து வருஷம் தாமதமானாலும் புதுத் தேதி போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஒரே நகரம், இரண்டு ஒப்பந்தங்கள்

கானடா தேசத்தில் மான்ட்ரீல் என்று ஒரு நகரம். இந்த நகரத்தின் பேரால் ஓர் ஒப்பந்தம் உண்டு. பூமிக்கு மேலே ஓசோன் படலம் என்று ஒரு காப்பு இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் பயன்பட்ட சில வாயுக்கள் அதை அரித்தன. 1974-இலேயே விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த வாயுவை உற்பத்தி செய்த டூபாண்ட் முதலான கம்பெனிகள் ஆரம்பத்தில் எதிர்த்தன. 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரீலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த வருஷத்துக்குள் எவ்வளவு உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று தேதி போட்டது. ஒப்பந்தத்தில் சேராத தேசத்தோடு அந்தச் சரக்கில் வியாபாரம் இல்லை என்றது. அடுத்த வருஷமே டூபாண்ட் அந்த உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்தியாவும் சீனாவும், "கெடுத்தவர்கள் பணம் கொடுக்க வேண்டும்" என்று வாதாடின. 1990-இல் லண்டனில் அதற்கு ஒரு நிதி ஏற்பாடாயிற்று. 1992-இல் இந்தியா சேர்ந்தது. இன்று உலகத்தின் எல்லாத் தேசங்களும் அதில் இருக்கின்றன. ஓசோன் படலம் ஆறி வருகிறது. அதன் பிறகு கம்பெனிகள் மிக நன்றாக ஒத்துழைத்தன! சட்டம் வந்ததும் ஒத்துழைப்பும் வந்தது.

அதே மான்ட்ரீலில்தான் ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் இருக்கிறது. 1944-இல் சிகாகோவில் செய்த ஒப்பந்தத்தால் ஏற்பட்டது. 1997-இல் கியோட்டோவில் புகைக் குறைப்பு ஒப்பந்தம் செய்தபோது, சர்வதேச விமானப் புகையை எந்தத் தேசத்தின் கணக்கிலும் எழுதாமல், இந்த ஸ்தாபனம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 19 வருஷம் கழித்து, 2016-இல்தான், அது கோர்சியா என்று ஒரு திட்டத்தை ஏற்றது.

கோர்சியா என்ன சொல்கிறது? விமானக் கம்பெனி தன் புகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2019-இல் இருந்த புகையில் 85 சதவீதம் வரை கேள்வி இல்லை. அதற்கு மேல் போனால், வேறு யாரோ எங்கோ குறைத்ததாகச் சொல்லும் சீட்டை விலைக்கு வாங்கிக் காட்டினால் போதும். இது எப்படி இருக்கிறது? குடிகாரன் ஒருவன், "பக்கத்து வீட்டுக்காரன் குடிக்காமல் இருக்கக் காசு கொடுத்துவிட்டேன், ஆகவே என் கணக்கு நேர்" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் கள்ளுக்கடைக்குப் போவது போல இருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் முன்பே குடிக்காதவனாக இருந்தால்? 2016-இல் ஐரோப்பியக் கமிஷனுக்காக நடந்த ஓர் ஆய்வு, பழைய சீட்டுத் திட்டம் ஒன்றைச் சோதித்தது. அதில் 85 சதவீதத் திட்டங்கள், பணம் வராவிட்டாலும் நடந்திருக்கும் அல்லது கணக்கை ஊதிக் காட்டியிருக்கும் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது என்றது.

தேதிகளையும் பாருங்கள். 2021 முதல் 2023 வரை மூன்று வருஷம் சோதனைக் கட்டம். அதில் கம்பெனிகள் ஒரு சீட்டும் வாங்க வேண்டி வரவில்லை. 2024 முதல் 2026 வரை முதல் கட்டம். அதற்கான சீட்டைக் கொடுக்கக் கடைசித் தேதி 2028 ஜனவரி 31. இந்தியா சேருவது 2027-இல். 1997-இல் ஒப்படைத்த பொறுப்புக்கு முதல் ரசீது வர 31 வருஷம்!

தோழர்களே, இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் தேதி, அளவு, தண்டனை, உதவி நிதி நான்கும் இருந்தன. இரண்டாவதில் தேதி இருக்கிறது, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கட்டாயம் வந்தபோது என்ன நடந்தது?

ஒரு தடவை கட்டாயச் சட்டம் வந்தது. ஐரோப்பிய யூனியன், 2012 முதல் ஐரோப்பாவுக்கு வரும், போகும் விமானங்கள் எல்லாம் புகைக்கு அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அமெரிக்கக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2011 டிசம்பரில் தோற்றன. ஆனால் தேசங்கள் எதிர்த்தன. 2011 செப்டம்பரில் நம் டில்லியில் கூடி 20-க்கு மேற்பட்ட தேசங்கள் எதிர்ப்புப் பிரகடனம் செய்தன. சீனாவும் இந்தியாவும் தங்கள் கம்பெனிகளைப் பணியாதீர்கள் என்றன. அமெரிக்கா 2012 நவம்பரில் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஐரோப்பா பின்வாங்கி, தன் எல்லைக்குள் பறப்பதோடு நிறுத்திக்கொண்டது.

இந்தியாவின் எதிர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் புகை கக்கிப் பணக்காரனானவன், எல்லாரும் சமம் என்று ஒரே சட்டத்தைத் தன்னிச்சையாகப் போடுவது சரியல்ல. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. டில்லியிலிருந்து லண்டனுக்கு முதல் வகுப்பில் பறக்கும் முதலாளியும், நியூயார்க்கிலிருந்து பறக்கும் முதலாளியும் ஒரே வரிசையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். ஏழைத் தேசத்தின் பேரைச் சொல்லி அந்தத் தேசத்துப் பணக்காரனுக்கு விலக்குக் கேட்பது ஏழைக்காக வாதாடுவது ஆகாது.

வரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் மொபெட்டுக்கு ஊற்றும் பெட்ரோலில் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்டுகிறீர்கள். சர்வதேச விமானத்தின் எண்ணெய்க்கோ, 1944 சிகாகோ ஒப்பந்தமும் அதை ஒட்டித் தேசங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் பெரும்பாலும் வரி விலக்குக் கொடுத்திருக்கின்றன. வேலைக்குப் போகிறவன் எண்ணெய்க்கு வரி. கடல் தாண்டி உல்லாசம் போகிறவன் எண்ணெய்க்கு விலக்கு.

எண்ணெயை வயலில் விளைக்கலாமா?

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். மாற்று எண்ணெய் என்றேனே, அது எங்கிருந்து வரும்? 2008 பிப்ரவரியில் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு விமானம் போயிற்று. அதன் ஒரு எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெயும் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் எண்ணெயும் கலந்து ஊற்றினார்கள். 2018 ஆகஸ்ட் 27-இல் டேராடூனிலிருந்து டில்லிக்கு நம் நாட்டில் ஒரு விமானம் பறந்தது. அதில் கலந்தது காட்டாமணக்கு எண்ணெய். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் முழுக்க முழுக்க மாற்று எண்ணெயில் போயிற்று. பறக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

கேள்வி வேறு. இவ்வளவு விமானத்துக்கும் எண்ணெய் விளைக்க நிலம் எங்கே? காட்டாமணக்கு என்றதும் உங்களுக்குப் பழைய ஞாபகம் வரும். 2003-இல் திட்டக் கமிஷன் பெரிய கணக்குப் போட்டது. தரிசில் தானாக வளரும், தண்ணீர் வேண்டாம், டீசலுக்குக் கலக்கலாம் என்றார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் செடி நின்றது, காய் வரவில்லை. தண்ணீர் பாய்ச்சினால் காய்க்கும்; அந்தத் தண்ணீரில் கம்பும் சோளமும் விளையுமே! தரிசு என்று சர்க்கார் எழுதும் நிலத்தில்தான் நம் ஆடு மாடு மேய்கிறது, விறகு கிடைக்கிறது.

பொரித்து மிஞ்சிய எண்ணெய், வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற கழிவிலிருந்து எடுப்பது நல்லது. ஆனால் கழிவுக்கு ஓர் அளவு உண்டு. காற்றாலை, சூரிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரிலிருந்தும் கரியமில வாயுவிலிருந்தும் எண்ணெய் செய்யலாம். அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். எதுவானாலும் விலை சாதாரண எண்ணெயைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு. அதனால்தான் கம்பெனி தானாக வாங்குவதில்லை. ஐரோப்பா சட்டம் போட்டது: 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6 சதவீதம், 2050-இல் 70 சதவீதம் கலந்தே ஆக வேண்டும். உணவுப் பயிரிலிருந்து எடுத்த எண்ணெய் அந்தக் கணக்கில் சேராது. இந்தியா சர்வதேச விமானங்களுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்தது. இலக்கு வரும்போது, அது கழிவிலிருந்து வருகிறதா, நம் வயலிலிருந்து வருகிறதா என்று நாம்தான் கண் வைத்திருக்க வேண்டும்.

விமானத் தொழிலாளி என்ன சொல்கிறான்?

புகையைக் குறைத்தால் விமானத் தொழிலில் உள்ளவர்கள் வேலை போகுமே என்ற கேள்வி வரும். இதை ஒதுக்கக் கூடாது. நம்மைப் போல அவர்களும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இதற்கு வழி காட்டியவர்களும் விமானத் தொழிலாளர்கள்தான். பிரிட்டனில் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் என்ற கம்பெனி, விமானப் பாகங்கள் செய்தது. 1970-களில் ஆட்குறைப்பு வந்தது. பல தொழிற்சாலைகளின் தொழிலாளர் பிரதிநிதிகள் கூடி, "நம் கையில் உள்ள தொழில் திறமையையும் யந்திரத்தையும் கொண்டு ஜனங்களுக்கு உபயோகமாக வேறு என்ன செய்யலாம்?" என்று தொழிலாளிகளையே கேட்டார்கள். 1976 ஜனவரியில் சுமார் 150 பொருள்களுக்குத் திட்டம் கொடுத்தார்கள். சிறுநீரக நோயாளிக்கான யந்திரம், காற்றாலை, வெப்பப் பம்பு, பாட்டரியும் எஞ்சினும் சேர்ந்து ஓடும் வாகனம் எல்லாம் அதில் இருந்தன. உலகம் இன்று தேடுவதை 1976-இல் எழுதி வைத்தார்கள்! நிர்வாகம் ஏற்கவில்லை. தொழில் ஒத்துழைப்பு என்று பேசுகிறவர்கள், அந்த மேஜையில் தொழிலாளிக்கு நாற்காலி போடாத வரைக்கும் பாதி அறிவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நாம் கேட்பது என்ன?

விமானமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் ஊர்ப் பையன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தாய் முகம் பார்க்க வருகிறான். அவன் ஏறும் விமானமும், வாரம் ஒரு தடவை உல்லாசத்துக்கு ஏறும் விமானமும் ஒன்றல்ல. ஆகவே நம் கோரிக்கைகளைப் பிரித்துச் சொல்லுவோம்.

ஒன்று: கம்பெனிகளின் கூட்டுக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும். எந்த வருஷம் எவ்வளவு என்று அளவும், தவறினால் தண்டனையும் வேண்டும்.

இரண்டு: எத்தனை தடவை பறக்கிறார்களோ அத்தனைக்கத்தனை கூடும் கட்டணம் வேண்டும். முதல் வகுப்புக்கும் சொந்த ஜெட்டுக்கும் அதிகமாக வேண்டும். இது கனவு அல்ல. பிரான்ஸ் 2006 முதல் டிக்கெட்டில் ஒரு தொகை பிடித்து ஏழைத் தேசங்களின் மருந்துக்குக் கொடுத்தது. 2025 ஜூனில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படோஸ் உள்ளிட்ட சில தேசங்கள், பணக்காரப் பயணிகள் மேல் தீர்வை போடக் கூட்டாக முன்வந்தன.

மூன்று: ரயிலில் போகக்கூடிய தூரத்துக்கு நல்ல ரயில் விடுங்கள். பிரான்ஸ் 2023-இல், இரண்டரை மணி நேரத்தில் ரயில் கொண்டு சேர்க்கும் சில ஊர்களுக்கு விமானத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. இங்கே ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் படிக்கட்டில் தொங்குகிற ஜனங்களுக்கும் அதே ரயில்தான் வேண்டும்.

நான்கு: விமான எண்ணெய்க்காக உணவு விளையும் நிலமும் மேய்ச்சல் நிலமும் போகக் கூடாது.

ஐந்து: தொழில் மாறினால் தொழிலாளியின் சம்பளமும் பயிற்சியும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும்.

தோழர்களே, 2028 ஜனவரி 31 என்ற தேதியைக் குறித்து வையுங்கள். அன்றைக்குக் கம்பெனிகள் முதல் தடவையாகச் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்களா, எந்தச் சீட்டைக் கொடுத்தார்கள், அந்தச் சீட்டுக்குப் பின்னால் மரம் நிற்கிறதா அல்லது காகிதம் மட்டும் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்கு முன்பே உங்கள் ஆலைச் சங்கத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் வைத்துத் தீர்மானம் போடுங்கள். உங்கள் பார்லிமென்ட் உறுப்பினருக்கு அனுப்புங்கள். வெயிலில் நிற்கிறவன் கேட்காமல், வானத்தில் பறக்கிறவன் தானாகக் கணக்குக் காட்ட மாட்டான்.